அருள்செல்வி கட்டிய ஊதாக் கயிறு

தேனியில் ஒரு நர்ஸம்மா கயிறு கட்டியே மார்புப் புற்றைக் குணமாக்குகிறாராம். இதை என்னிடம் சொன்னவன் முத்துராஜா. தோஹாவில் எங்கள் கம்பெனிக் குடியிருப்பில் எனக்கு இரண்டு அறை தள்ளி இருக்கிறான், போடிக்காரன். அவனுக்குச் சொன்னது அவன் மாமியார். மாமியாருக்குச் சொன்னது அவரோடு ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்பது முத்துராஜாவுக்குத் தெரியவில்லை.

"ஆபரேசன் இல்ல, கரண்டு வைக்கிறது இல்ல. ஊதாக் கலர்ல ஒரு கயிறு, அம்புட்டுத்தேன். கட்டுனா ஆளு எந்திரிச்சு வேலைக்குப் போயிருதாம்" என்றான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் முந்தின வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது என் அக்கா ஜக்கம்மா இடது கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அந்த மணிக்கட்டில் ஊதா நிறத்தில் ஒரு கயிறு இருந்தது. அப்போது அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. உத்தமபாளையத்திலிருந்து மினிபஸ்ஸில் இருபது நிமிடம் போனால் அவள் ஊர். மாமா கர்ணனுக்கு அங்கே இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. போன ஐப்பசியில் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. எங்களுக்குத்தான் அப்போது தெரிந்தது; அவளுக்கு அதற்கு முன்பே தெரியும். முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மதுரையில் ஐந்து வாரம் கதிர் சிகிச்சை, அதாவது ஊரில் எல்லோரும் சொல்கிற கரண்டு வைப்பது. தேனி டாக்டர் ஒரு தாளில் இந்த வரிசையை எழுதிக் கொடுத்திருந்தார். கீமோ முடிந்தது. பங்குனியில் ஆபரேஷனும் முடிந்தது. மதுரைக்குப் போகவேண்டிய தேதி வந்தது. அக்கா போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டேன். "தேதிய மாத்திட்டாகடா" என்றாள் அக்கா. மாமாவிடம் கேட்டபோது தேதியெல்லாம் மாறவில்லை, அவள்தான் வரமாட்டேன் என்கிறாள், காரணம் கேட்டால் திராட்சைக்கு மருந்தடிக்கிற பேச்சை எடுக்கிறாள் என்றார். மறுபடி அக்காவிடம் கேட்டேன். "ஒனக்கு எதுக்குலே அதெல்லாம், சாப்பிட்டியா?" என்றாள்.

தம்பியிடம் அந்த உறுப்பின் பெயரைச் சொல்லவே அவளுக்குக் கூச்சம். எனக்கும் கூச்சம்தான். இரண்டு பேரும் எட்டு மாதமாக "அது" என்றே பேசிக்கொண்டிருந்தோம். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து இணையத்தில் ஆங்கிலத்தில் படிப்பேன். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கும். அதை அக்காவுக்குச் சொல்லத் தமிழாக்கினால் ஒன்று மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும், இல்லை அசட்டுத்தனமாகிவிடும். எனவே சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

முத்துராஜா சொன்ன அன்று அந்த நர்ஸின் எண்ணை மாமாவிடம் வாங்கி அடித்தேன். பெயர் அருள்செல்வி. எடுத்தார். ஜக்கம்மாவின் தம்பி என்றேன். ஏன் கரண்டு வைக்க அனுப்பவில்லை, எதற்குக் கயிறு கட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் குரலில் கோபம் இல்லை.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. அக்காவோட சமாச்சாரத்த அக்காகிட்டக் கேக்காம நான் பேசமுடியாது. அவுகளப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க."

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பவன் எப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது? மழுப்புகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் பத்தாம் வகுப்புவரை தமிழிலும் அதன் பிறகு ஆங்கிலத்திலும் படித்தவன். கோபத்தை எழுத எனக்கு ஆங்கிலம்தான் வசதி. அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு இரண்டு பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் நர்ஸ் நோயாளிகளுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டிச் சிகிச்சையை நிறுத்த வைக்கிறார் என்று அதில் இருந்தது. சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகம் விமானம் ஏறும்வரை போகவில்லை.

நான்கு நாள் லீவில் வந்தேன். வந்த மறுநாளே தேனிக்குப் போனேன்.

அருள்செல்வியின் அறை லிப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த இடம். இரண்டு நாற்காலி, ஒரு திரை, ஒரு மின்விசிறி. அலமாரியில் துணியால் தைத்த ஒரு மார்பு மாதிரி. உள்ளே கட்டி எப்படித் தட்டுப்படும் என்று தடவிப் பார்ப்பதற்காகப் பட்டாணியும் புளியங்கொட்டையும் வைத்துத் தைத்தது. அதற்குக் கீழே ஒரு டப்பா நிறைய இலவம்பஞ்சுத் திண்டுகள். மார்பை எடுத்த பெண்கள் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள அவரே தைத்துக் கொடுப்பவை. எடையில்லாமல் மேலே ஏறிவிடாமல் இருக்க நடுவில் கொஞ்சம் கடுகு போட்டுத் தைப்பாராம்.

நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைக் காட்டினார். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"நல்ல இங்கிலீஷு தம்பி. எங்க எம்.டி. ரெண்டு தடவ வாசிச்சாகளாம். எனக்குத்தேன் ஒரு தடவகூடக் காட்டல."

அவர் ஆத்திரப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நிர்வாகம் விசாரித்த நான்கு நாள் நோயாளிகள் கூப்பிடுவதற்காக அவரிடமிருந்த போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அந்த நான்கு நாளில் இருபத்தாறு பேர் அடித்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டிருக்கிறார். அதில் ஒருத்தி காய்ச்சலை மூன்று நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தவள். கீமோ எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வரவேண்டும். "சாரமில்ல, அவ இப்ப நல்லாத்தேன் இருக்கா" என்றார். பரவாயில்லை என்கிற அந்த மலையாளச் சொல் கோட்டயத்துப் பக்கம் நர்ஸிங் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்டது.

அருள்செல்வி ராயப்பன்பட்டியில் ஞானமுத்து, ரோசம்மாள் தம்பதிக்கு மூன்றாவது பெண். அப்பா தென்னையும் கத்தரியும் போட்டவர். கணவர் அருண் ஜோசப் கணக்கு வாத்தியார். தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் தேனிக்கு வருகிறார். பதினோரு வருடம் வார்டில் இருந்தவர். மார்புப் புற்று வந்த பெண்களுக்கு விளக்கிச் சொல்லித் துணையாக இருக்கிற இந்த வேலைக்கு அவராகக் கேட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். கோம்பையிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு மார்பு எடுத்த பிறகு நீர் வடிவதற்காகப் பக்கவாட்டில் ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு சின்ன பாட்டிலும் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் வரச் சொன்னார்கள். அவள் வந்தது இருபத்துநான்காவது நாள், சீழ் பிடித்து. பாட்டிலை மஞ்சப்பைக்குள் வைத்து இடுப்பில் சொருகிக்கொண்டே களையெடுக்கப் போயிருக்கிறாள். ஏன் வரவில்லை என்றால், "பாட்டிலு நெறையட்டும்னு இருந்தேன்" என்றாளாம். டாக்டர் சொல்லியிருக்கிறார், வார்டு நர்ஸ் சொல்லியிருக்கிறார், மருந்துக்கடைக்காரர்கூடச் சொல்லியிருக்கிறார். வார்டு நர்ஸாக அன்றைக்குச் சொன்னவர் அருள்செல்வியேதான்.

"எல்லாருந்தேன் சொன்னோம். அவளுக்கு என்ன வெளங்குச்சுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். எதைச் சொன்னாலும் கடைசியில், "வீட்டுக்குப் போனதும் ஒங்க நாத்தனா வந்து கேட்டா என்ன சொல்வீக? எங்கிட்ட அப்படியே சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்லும் விதத்திலேயே எது சரியாகப் புரிந்தது, எது தப்பாகப் புரிந்தது என்று தெரிந்துவிடுமாம். அன்று நான் இருந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரிடம் அப்படிக் கேட்டதைத் திரைக்கு வெளியே இருந்து கேட்டேன். ஒருத்தி நாத்தனார் பேசுகிற மாதிரியே முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெண்கள் கேட்கிற கேள்விகளை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பெயர் கிடையாது, கேள்வி மட்டும். முடி கொட்டின பிறகு பூவை எதில் வைப்பது? ஒரே தட்டில் சாப்பிட்டால் பேரனுக்கு ஒட்டுமா? எனக்கு வந்தது தெரிந்தால் என் மகளை யார் கட்டுவார்கள்? ஒரு பக்கத்தைப் புரட்டியபோது, வீட்டுக்காரர் பக்கத்தில் படுக்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று இருந்தது. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். இவற்றில் ஒன்றாவது அக்காவுடையதாக இருக்குமோ என்று நினைத்ததும் மேலே படிக்க முடியவில்லை.

கயிறு எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன்.

மார்போடு அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்க வாய்ப்பு உண்டு. அதனால் அந்தக் கையில் ஊசி போடவேண்டாம், ரத்த அழுத்தம் பார்க்க இறுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஊருக்குப் போனபிறகு சளி, காய்ச்சல் என்று எங்காவது கம்பவுண்டரிடம் போவார்கள். அவர் கைக்கு வந்த கையில் குத்துவார். இவர்கள் அவரைத் தடுத்துப் பேசமாட்டார்கள். ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் வளையம் போட்டுப் பார்த்தாராம். தோட்ட வேலையில் வியர்த்துப் புண்ணாகிறது, அக்கம்பக்கம் வேறு என்ன ஏது என்று கேட்கிறது. அதனால் இந்தக் கையில் ஊசி வேண்டாம் என்பதற்கு அடையாளமாக ஒரு சாதாரணக் கயிறு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு, பச்சை எல்லாவற்றுக்கும் ஊரில் ஏதாவது அர்த்தம் இருக்கிறது என்று யோசித்து, ஒன்றுக்கும் சேராத ஊதாவைத் தேனியில் வாங்கியிருக்கிறார். இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று பேருக்குக் கட்டியிருக்கிறார்.

மின்னஞ்சலை நினைத்து எனக்குக் காது சுட்டது. அப்படியானால் அக்கா ஏன் மதுரைக்குப் போகவில்லை?

"அதேன் எனக்கும் வெளங்கல. ஒங்க அக்கா எங்கிட்டயும் பேச்ச மாத்துறாக. கூப்பிட்ட அன்னைக்கெல்லாம் தேனிக்கு வந்துட்டுப் போறாக. மதுரையின்னா மட்டும் இல்ல. அடுத்த தேதி திங்கக்கெழம. அதையும் விட்டா மிஷினு மறுபடி எப்பக் கெடைக்கும்னு சொல்லமுடியாது. ஆபரேசன் பண்ணி ரொம்ப நாளாயிட்டா கரண்டு வச்சும் பலன் கொறஞ்சிரும்."

எங்கள் இரண்டு பேர் முன்னாலும் இருந்தது இந்தத் திங்கட்கிழமைதான். அன்று வியாழன். சாயங்காலம் அக்காவிடம் போனில் அனுமதி கேட்டுக்கொண்டு அவர் என்னோடு பஸ் ஏறினார்.

அக்கா வீட்டில் எங்களைக் கண்டதும் மாமா தோட்டத்தில் மோட்டார் போடப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். அக்கா காபி போட்டாள். அருள்செல்வி அவள் கையைத் தடவிப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார், தழும்பைப் பார்க்க என்னை வெளியே போகச் சொன்னார். நான் திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளே நீண்ட நேரம் ரசம் வைப்பது, வாய்ப்புண், பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஏதேதோ பேச்சு. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "அவனுந்தேன் கேக்கட்டும்" என்றாள் அக்கா. என்னைப் பார்க்காமல் நர்ஸைப் பார்த்துக் கேட்டாள்.

"சிஸ்டர், கோவிச்சுக்கக் கூடாது. இத எப்ப அவுப்பீக?"

"எதக்கா?"

"இந்தக் காப்ப."

எங்கள் பக்கத்தில் அம்மன் பொங்கலுக்குச் சாமி சாட்டினதும், அதாவது திருவிழாவை அறிவித்ததும், கையில் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர்கள் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கட்டியவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் அதையும் இந்த ஊதாக் கயிற்றையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. தையல் பிரித்து அருள்செல்வி கயிறு கட்டிய அன்று செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் ஊரில் சாமி சாட்டியிருக்கிறார்கள்.

"கண்ண மூடி, வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே கட்டுனீக. எக்காரணம் கொண்டும் அவுக்கக் கூடாதுக்கான்னு சொன்னீக. பகல்ல எங்கன கூப்பிட்டாலும் வந்தேன்ல? அஞ்சு வாரம் மதுரையில ராத் தங்குன்னா நான் எப்படித் தங்குறது?"

"ஊர்ல பொங்க முடிஞ்சு எல்லாருக்கும் அவுத்திருப்பாகளே" என்றேன் நான்.

"அது பூசாரி கட்டுனது, பூசாரி அவுத்தாரு. இது இவுக கட்டுனது. இவுக அவுக்கக் கூடாதுன்னு சொன்னாக. அவுக்கச் சொல்லிக் கேட்டா என்ன நெனைப்பாகளோன்னு இருந்தேன்." அப்புறம் மெதுவாக, "கட்டுனதுலருந்து எனக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றாள்.

இது ஊசிக்காரர்களுக்கான அடையாளம், வெறும் நூல் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அருள்செல்வி கையைக் காட்டி நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு அக்காவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஏழு வாரம் நனைந்து காய்ந்த முடிச்சு, இறுகிப் போயிருந்தது. கத்தரி எடுத்து வரட்டுமா என்றேன். அக்கா முறைத்தாள். நகத்தால், ஊக்கால் என்று ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அவிழ்க்கும்போது அருள்செல்வியின் உதடு அசைந்ததாக அக்கா சொல்கிறாள். அசையவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை. கயிற்றை அக்கா ஒரு வெற்றிலையில் மடித்து வைத்தாள், வாய்க்காலில் விடுவதற்காக.

"இப்ப நாத்தனா வந்து கேக்குறா. சொல்லுங்க" என்றார் அருள்செல்வி.

அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். இந்தக் கையில் ஊசி போட விடமாட்டேன். பிரஷர் பார்க்க விடமாட்டேன். பழம் வெட்டும்போது கையுறை போடுவேன். திங்கட்கிழமை உத்தமபாளையத்தில் ஆறரை பஸ்ஸில் வீட்டுக்காரரோடு ஏறுவேன். நீங்கள் முன்னதாகவே போய் ஆஸ்பத்திரித் தாள்களை எடுத்துக்கொண்டு தேனியில் ஏறுவீர்கள். பதினோரு மணிக்கு மதுரை ஆஸ்பத்திரி.

"வர்றீகள்ல?"

"பாப்போம் சிஸ்டர்."

"பாப்போம்னு ஒங்க நாத்தனாகிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட வர்றேன்னு சொல்லணும்."

"வர்றேன்" என்றாள் அக்கா. வெறும் மணிக்கட்டை மற்ற கையால் பொத்திக்கொண்டிருந்தாள். "ஆனா கை என்னமோ மாதிரி இருக்கு சிஸ்டர். அவுத்துட்டு எல்லை தாண்டுறது நல்லதா, கட்டிக்கிட்டே இங்கன இருக்குறது நல்லதான்னு ஒண்ணும் தெரியல."

ராயப்பன்பட்டிக்கு அவரைக் கொண்டுபோய் விடும்போது வழியெல்லாம் அருள்செல்வி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வெறும் கயிறு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஜெபம் சொல்லித்தேன கட்டுனேன் தம்பி. எல்லாருக்கும் அப்படித்தேன், அது என் பழக்கம், வாய் தானாச் சொல்லிரும். இல்லன்னு சொன்னா பொய்யி. ஆமான்னு சொன்னா அவுக நெனச்சதே சரியின்னு ஆயிரும்." கொஞ்சம் கழித்து, "எல்லாத்தையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேக்குறவ, இதுக்கு மட்டும் கேக்கல. கயித்துல கேக்க என்ன இருக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அறுபத்து மூன்று பேர். அவர்களில் எத்தனை பேர் என்னென்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ? ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கப்போவதாகச் சொன்னார். கயிறு கட்டுவதை நிறுத்திவிடுங்கள் என்றேன். நிர்வாகமும் அதையேதான் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. போன மாதம் வடுகபட்டியிலிருந்து ஜெபஷீலா என்று ஒரு டீச்சர் வந்தாராம். ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன் என்று இருந்தவர். கயிறு கட்டுகிற நர்ஸ் இருக்கிறாராமே என்று கேள்விப்பட்டுக் கயிறு வாங்க வந்திருக்கிறார். கயிறு இருக்கட்டும், முதலில் பார்க்கிறேன் என்று தடவிப் பார்த்தபோது பட்டாணி அளவில் கட்டி. ஆரம்ப நிலை. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். புரளி மட்டும் பரவாமல் இருந்திருந்தால் அந்த அம்மா வந்தே இருக்கமாட்டார்.

"இப்ப அந்தப் பேச்ச நல்லதுன்னு சொல்றதா, கெட்டதுன்னு சொல்றதா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க" என்றார்.

லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்பினேன். அக்கா துணிமணி எடுத்து வைத்திருந்தாள். மாமா மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை பேசியிருந்தார். புறப்படும்போது அக்கா என் தலையைத் தொட்டு, "திங்கக்கெழம பேசுவோம்" என்றாள். அவள் பேச்சில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே விமானத்தில் முழுநேரமும் என்னை உறுத்திக்கொண்டு இருந்தது.

இன்று திங்கட்கிழமை. இங்கே விடிந்து அரைமணி நேரம் ஆகிறது. ஊரில் மணி எட்டாகப் போகிறது. அருள்செல்வி தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டார். பின்னால் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்துவது கேட்டது.

"ஆறரைக்குக் கெளம்புன பஸ்ஸு வந்து நிக்கிது தம்பி. ஏறிப் பாத்துட்டேன். அக்காவும் இல்ல, ஒங்க மாமாவும் இல்ல. மினிபஸ்ஸு தாமசமாகி அடுத்ததுல வரலாம். நான் அடிச்சா எடுக்கல. ஒங்க நம்பரப் பாத்தா எடுப்பாக."

மாமாவின் எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. அக்காவின் எண்ணுக்கு மணி போகிறது. முதல் தடவை முழுதாக அடித்து ஓய்ந்தது. அவசரத்தில் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பஸ்ஸில் பைக்குள் கிடந்து சத்தத்தில் கேட்காமல் இருக்கலாம். இல்லை, கட்டிலில் உட்கார்ந்து திரையில் என் பெயரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மணிதான் அடிக்கும்.

அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன், அடுத்ததுக்கு நிற்கிறேன் என்று அருள்செல்வியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. நான் மறுபடியும் அக்காவுக்கு அடிக்கிறேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.